கணிப்பொறிக்கும் ஒரு காலதர்

வீட்டுச் சாளரத்திற்குக் காலதர் என்பது நம் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆகவே காற்று வரும் வழி என்பது பொருளாயிற்று. சிலப்பதிகாரத்திற் புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்து, மானின் கண்போன்ற துளைகளையுடைய காலதர்கள் குறிக்கப்படுகின்றன. நெடுநல்வாடையிலோ, கூதிர்க்காலத்தே வட்ட விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டுச் சிலந்தி நூல் சூழக் கிடத்தலும், வேனிலிற் படுத்துறங்கும் மேன்மாடத்துத் தென்றற் சாளரம் திறவாது அடைபட்டிருத்தலும் கூறப்படுகின்றன. விசிறி வேறு, காலதர் வேறு என்பதும், ஒன்றற்கு மற்றொன்று துணையென்பதும் அக்காலத்தார்க்கு நன்கு தெரிந்திருந்தன. இக்காலத்து மாணவராகிய நம்மிடையே அவ்வறிவு மிகவும் குறைந்துபோயிற்று என்பதற்கு நம் அறைகளிலுள்ள கணிப்பொறிகளே சான்று.

சிறப்புத் தமிழ் பயிலும் ஒருவனுக்குக் கணிப்பொறியின் வெப்பத்தைப்பற்றி என்ன கவலை என்று வினவுவோர் உளர். பழைய அச்சுப் பிரதிகளின் படங்களை எழுத்துணரி மென்பொருளிலிட்டு இரவு முழுதும் ஓடவிட்டு, விடியலில் எழுந்து பார்க்கும்போது பொறி தானே அணைந்து கிடக்கக் கண்டவர் அங்ஙனம் வினவார். கணிப்பொறியின் மூளையாகிய செயலி ஏறக்குறைய 95 அல்லது 100 டிகிரி வெப்பத்தை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் பின்னும் சூடு தணியாதாயின் பொறியே நின்றுவிடும். இஃது அதனைச் செய்தோர் வைத்த காவல். காவலை நாம் நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருப்பதுதான் கேடு.

நம் மாணவர் பலர் அறையெடுத்துத் தங்கியிருக்கும் படூரை எடுத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்திற்கும் இடையே உள்ளது அவ்வூர். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், முட்டுக்காட்டுக் கழியும், அவற்றிற்கப்பாற் கோவளத்துக் கடலும். தெற்கே உப்பளங்களாற் பேர்பெற்ற கேளம்பாக்கம். வெயிலும் ஈரமும் உப்பும் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய இடம் இதனினும் வேறு வேண்டுவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய கோடையிலே, ஓர் அறைக்கு மூவர் நால்வராகத் தங்கி, கதவடைத்து, கணிப்பொறியை மேசையின் அடியிற் சுவரோடு சுவராகத் தள்ளிவைத்து, தூசு படியாதிருக்கும் பொருட்டு அதன்மேல் ஒரு துணியையும் போர்த்துவைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பிறகு பொறி சூடேறுகிறதென்று முறையிடுவர். அம்முறையீட்டிற்குக் கடைக்காரர் கூறும் விடை ஒன்றே: "லிக்விட் கூலர் போடுங்கள், தம்பி."

அந்த விடையே இக்கட்டுரைக்குக் காரணம். இக்கருவி ஏழாயிரம் ரூபாய்க்கும் விற்கிறது, பதினையாயிரத்திற்கும் விற்கிறது. தையல் வேலையிலும் மீன் வியாபாரத்திலும் தாய்மார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தாற் கணிப்பொறி வாங்கிய மாணவர் நம்மிடையே பலர். அவர்தம் வீட்டிலிருந்து மீண்டும் ஒருமுறை அத்துணைப் பணம் வருவித்தல் சிறு செய்தியன்று. ஆதலின் அக்கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஆராய்தல் வேண்டும்.

குளிர்ச்சியை விலைக்கு வாங்கலாம் என்னும் எண்ணம் சென்னைக்குப் புதிதன்று. 1842-ஆம் ஆண்டளவிலே அமெரிக்க வணிகராகிய பிரடெரிக் டியூடர் என்பார், பாஸ்டன் நகரத்துப் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி இவ்வூருக்கு அனுப்பி, கடற்கரையிலே ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டிடத்திற் சேமித்துவைத்து விற்பித்தார். இந்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் பொறிகள் வந்தபின் அவ்வாணிகம் நசித்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியமையால் அக்கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. டியூடரிடம் காசு கொடுத்தோர் பெற்றது மெய்யான குளிர்ச்சி. இன்று லிக்விட் கூலருக்குக் காசு கொடுப்போரும் அவ்வாறே ஒரு குளிர்ச்சிப் பொருளை வாங்குவதாக எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. அதனுள்ளே பனிக்கட்டியுமில்லை, குளிரூட்டும் பொறியுமில்லை. செயலியின்மேற் பொருந்தும் ஒரு சிறு செப்புத் தகடு, ஒரு பம்பு, இரண்டு குழாய்கள், மோட்டார் வண்டியில் இருப்பது போன்றதொரு ரேடியேட்டர், அதன்மேல் விசிறிகள்: இவ்வளவே. செயலியின் வெப்பத்தை நீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குச் செல்லும். அங்கே விசிறி அவ்வெப்பத்தைக் காற்றிற்கு மாற்றும். ஏற்றம் இறைப்பவன் நீரை உண்டாக்குவதில்லை, ஓரிடத்து நீரை வேறோரிடத்திற்கு மாற்றுகின்றான். அவ்வாறே இக்கருவியும் வெப்பத்தை இடமாற்றுகிறது. அறையின் காற்று 36 டிகிரியாயின், அக்கருவியிலுள்ள நீர் 36-க்குக் கீழே ஒருகாலும் இறங்காது. வேலை மிகுந்தபோது அதற்கு மேலேயே நிற்கும். இறுதியிற் சுமைதாங்கி காற்றேயாதலின், காற்றிற்கு வழியில்லாத பெட்டியில் லிக்விட் கூலர் வைப்பது, மதகடைத்த வாய்க்காலுக்கு ஏற்றம் பூட்டுவதையொக்கும்.

அஃதாயின் எவ்வளவு காற்று வேண்டும்? இதனைக் கணக்கிடுதல் அரிதன்று. நம் பௌதிக வகுப்புத் தோழர் எவரும் ஒரு நிமிடத்திற் செய்துகாட்டுவர். ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 1,200 ஜூல் வெப்பம் கொள்ளும். படம் தொகுப்பதற்கும் விளையாட்டிற்கும் பயன்படும் ஒரு நல்ல கணிப்பொறி, முழு வேலையில் 500 வாட் வெப்பத்தை வெளியிடுகிறதென்று கொள்வோம். உட்புகும் காற்று வெளியேறுவதற்குள் பத்து டிகிரிக்குமேற் சூடேறலாகாது என்று வரையறுத்தால், நொடிக்கு ஏறக்குறைய 42 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்லவேண்டும். பெட்டியின் கொள்ளளவோ நாற்பது ஐம்பது லிட்டர்தான். எனவே ஏறக்குறைய ஒவ்வொரு நொடியும் பெட்டியிலுள்ள காற்று முழுவதும் மாறியாதல் வேண்டும்! நீர்க் குளிர்ப்பானை வைத்தாலும் வையாவிட்டாலும் இந்த 42 லிட்டர் என்னும் கணக்கு மாறுவதில்லை. முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இத்துணைக் காற்று எந்த வாயிலாற் புகுந்து எந்த வாயிலால் வெளியேறும் என்பதே.

நம்மவர் "சி.பி.யு." என்று பெயரிட்டழைக்கும் அப்பெட்டிக்கு முன்புறம், பின்புறம், மேற்புறம் ஆகிய மூன்றிடங்களிலும் பெரும்பாலும் விசிறி பொருத்தலாம். முன்னே புகுந்து, கிராபிக்ஸ் கார்டையும் செயலியையும் தழுவி, பின்னும் மேலும் வெளியேறுவதே நேரான வழி. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று தடையற்ற வெளியில் நிமிடத்திற்கு ஒன்றேகால், ஒன்றரை கன மீட்டர் காற்றைத் தள்ளக்கூடும். நமக்கு வேண்டுவது நிமிடத்திற்கு இரண்டரை. வலையும் வடிகட்டியும் கம்பிக்கற்றைகளும் மறிப்பதால் உண்மையிற் கிடைப்பது அவ்வெண்ணினும் மிகக் குறைவு. ஆகவே முன்புறத்தே மூன்று விசிறிகள் உள்ளிழுக்கவும், பின்புறத்தே ஒன்று வெளித்தள்ளவும் வைத்தால், பெரும்பாலோர்க்கு அதுவே போதும். விசிறி எப்பக்கம் ஊதும் என்பதில் ஐயமுற்றால், சட்டத்தின் நான்கு கைகள் மோட்டாரைத் தாங்கிநிற்கும் பக்கமே காற்று வெளிவரும் பக்கம் என்று அறிக. மெல்லிய தாள் துண்டொன்றை அருகிற் பிடித்தும் பார்க்கலாம். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாது, முன் விசிறிகளும் பின் விசிறியும் ஒன்றையொன்று எதிர்த்து ஊதுமாறு பூட்டிக்கொடுத்த கடையொன்று உண்டு; நண்பர் ஒருவருடைய பெட்டியை அவ்வாறு கண்டேன். திருப்பிப் பூட்டியபின் அப்பெட்டிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெப்பக் காற்று மேலெழும் இயல்புடையதாதலின் எல்லா விசிறிகளையும் கீழிருந்து மேலாகவே வைக்கவேண்டும் என்பாரும் உளர். மேலெழுதல் உண்மையே, ஆயினும் சிறு பெட்டிக்குள் அவ்வியல்பின் வலிமை ஒரு விசிறியின் வலிமைக்கு முன் நில்லாது. இரவில் வந்த நிக்கொதேமுவுக்கு ஆண்டவர் எடுத்துக்காட்டிய காற்று எவரும் வகுத்த வழியிற் செல்வதன்று. பெட்டிக்குள்ளே வீசும் காற்றோ நாம் வகுத்த வழியிலன்றிச் செல்லாது. ஆயினும் மேற்புறத்தே முன்னோரமாக வெளித்தள்ளும் விசிறி வைப்பது வீண். முன்னே புகுந்த குளிர்ந்த காற்றை, அது ஒரு பயனும் செய்வதற்கு முன்னரே, அவ்விசிறி வெளியே இழுத்துவிடும்.

விசிறிகள் மிகுந்தால் இரைச்சல் மிகுமே என்று அஞ்சவேண்டா. விசிறியின் வேகம் பாதியானாற் காற்றும் ஏறக்குறையப் பாதியாகும். அதற்குச் செல்லும் மின்னாற்றலோ எட்டிலொரு பங்காகும். எனவே ஒரு விசிறி முழு வேகத்தில் அலறுவதினும், இரண்டு விசிறிகள் பாதி வேகத்திற் சுழலுதல் அமைதிக்கும் நன்று, சிக்கனத்திற்கும் நன்று. ஓரறையில் ஒருவன் உறங்க மற்றொருவன் உழைக்கும் நம் வாழ்க்கையில் இதனைச் சிறிய நன்மையென்று தள்ளுதற்கில்லை.

இனி, உப்பைப்பற்றிக் கூறவேண்டும். இதனை வெளியூரார் எழுதும் நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 என்னும் அளவைக் கடந்தால், உலர்ந்த உப்புத்துகள் அவ்வீரத்தை உண்டு தானே நீராய்க் கசியும். கடற்கரையில் அந்த அளவு கடவாத இரவு அரிது. கணிப்பொறி இயங்கும்போது உட்புறம் சூடாயிருத்தலின் உப்பு உலர்ந்தே கிடக்கும். அணைத்து, ஆறி, இரவு ஏறியபின்னரே மதர்போர்டின் நுண்ணிய கம்பிகளிடையே அது கசிந்து, செம்பை அரிக்கத் தொடங்கும். ஆகவே உப்பும் தூசும் உட்புகாமற் காத்தல் படூரில் இருப்பார்க்கு இன்றியமையாதது. அதற்கு வழி, உள்ளிழுக்கும் காற்று வெளித்தள்ளும் காற்றினும் சற்று மிகுந்திருக்குமாறு விசிறிகளை அமைத்தலாம். அப்போது பெட்டியின் இண்டு இடுக்குகளிலெல்லாம் காற்று வெளிநோக்கியே கசியும். புகும் காற்று வடிகட்டியின் வழியாக மட்டுமே புகும். வெளித்தள்ளும் விசிறிகள் மிகுந்தாலோ, வடிகட்டியில்லாத ஒவ்வொரு துளையும் தூசை உறிஞ்சும் வாயாகிவிடும். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை எதிரே வைப்பதும் இக்காரணத்தாலேயே தகாது. தேர்வுக்கு முந்தின இரவில், வேறு வழியின்றிச் செய்வாரை நான் குறைகூறேன். ஆண்டு முழுதும் அவ்வாறு வைத்திருப்போர், சூட்டிற்குத் தப்பி உப்பிற்கு இரையாகின்றனர். வடிகட்டி வலைகளை வாரந்தோறும் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுதல் வேண்டும். கழுவாத வலை அடைத்த சாளரமே.

கண்ணாடி முகப்பைப்பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்துப் பெட்டிகள் சில முன்புறம் முழுதும் கண்ணாடியால் மூடப்பெற்று, உள்ளே பல வண்ண விளக்குகள் மின்ன, ஓரங்களில் விரல் நுழையாத பிளவுகளின் வழியே மட்டும் மூச்சு விடுகின்றன. பார்ப்பதற்கு நன்றுதான். மூன்று விசிறிகளை வாங்கி அவற்றின் முகத்திற் கண்ணாடியைச் சார்த்துவோர், தம் வீட்டிலும் சாளரத்திற்குப் படமாட்டி அடைப்பாரோ என்பதை அவரே கூறவேண்டும். பெட்டி வாங்கச் சென்னை ரிச்சி தெருவிற்குச் செல்லும் தோழர் முன்முகம் கம்பிவலையாக இருக்கும் பெட்டியையே கேட்டு வாங்குவாராக.

இத்துணையும் கூறியதால், லிக்விட் கூலர் எவர்க்கும் ஆகாது என்பது என் கருத்தென்று கொள்ளற்க. செயலி ஒன்றே 200 வாட்டிற்கு மேலுண்ணும் பொறிகள் உள்ளன. மணிக்கணக்காகத் திரைப்படத் தொகுப்புச் செய்வாரும் உளர். நீர், தன் கனவளவிற்குக் காற்றினும் ஏறக்குறைய மூவாயிரத்தைந்நூறு மடங்கு வெப்பம் கொள்ளவல்லது. ஆதலாற் செயலியின் திடீர்ச் சூட்டை அது தாங்கிக்கொண்டு, பெட்டியின் விளிம்புவரை எளிதிற் கொண்டுசெல்லும். அத்தகையோர் வாங்கட்டும், ஆனால் எங்கே பொருத்துவது என்பதில் எச்சரிக்கை வேண்டும். முன்புறத்தே பொருத்தினால், வெளிக்காற்று நேரே ரேடியேட்டரிற் படுவதாற் செயலி குளிரும்; ஆனால் அவ்வெப்பம் முழுதும் பெட்டிக்குள் நுழைந்து, கிராபிக்ஸ் கார்டைத் தாக்கும். மேற்புறத்தே வெளித்தள்ளுமாறு பொருத்தினாற் செயலியின் சூடு சில டிகிரி கூடும். பெட்டியின் பிற உறுப்புகள் நற்காற்றுப் பெறும். பெரும்பாலான பொறிகளிற் செயலியினும் கிராபிக்ஸ் கார்டே மிகுந்த வெப்பத்தை உமிழ்வதாலும், நம்மூர்க் காற்று முன்னமே சூடாயிருப்பதாலும், படூருக்கு மேற்புறமே தக்கது என்பது என் துணிபு. அங்ஙனம் வைப்போர் முன்புற விசிறிகளின் எண்ணிக்கையைக் குறைத்தலாகாது. மேலே மூன்று வெளித்தள்ள, முன்னே இரண்டே உள்ளிழுத்தால், மேற்கூறிய உப்புக்கணக்குத் தலைகீழாகும்.

மற்றொன்று. அக்கருவியின் நீர்ச்சுற்றிற் சிறிது காற்று எப்போதும் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, குழாயின் சுவர்களூடே நீர் மெல்ல மெல்லக் கசிந்து குறைவதால் அக்காற்று மிகும். காற்றுக்குமிழி மேட்டையே நாடும். பம்பு மேட்டிலும் ரேடியேட்டர் பள்ளத்திலும் இருந்தாற் குமிழி பம்பிலே தங்கி, முதலில் முணுமுணுத்து, பின்னர் அதனைக் கெடுத்துவிடும். ஆகையால் ரேடியேட்டரின் தலை பம்பினும் உயர்ந்திருத்தல் வேண்டும். சாதாரண விசிறிக் குளிர்ப்பானிலோ பழுதாவதற்கு விசிறி ஒன்றே உண்டு. அதனைச் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பணம் வருவித்து வாழும் மாணவன் இவ்வேற்றுமையை எண்ணிப்பார்த்தல் தகும்.

நிற்க. பெட்டியைச் செவ்வனே அமைத்துவிட்டு அறையை மறந்தாற் பயனில்லை. 500 வாட் கணிப்பொறி அவ்வறையில் 500 வாட் அடுப்பேயாகும். பெட்டி தள்ளிய வெப்பம் அறைக்குள்ளேயே சுழன்று மீண்டும் பெட்டிக்குள் புகும். கடைகளிற் கிடைக்கும் கம்ப்யூட்டர் மேசைகளில், பெட்டியைச் சொருகுவதற்கென மூன்று புறமும் பலகையடித்த ஓர் அறை இருக்கிறதே, அதனினும் கெட்ட ஏற்பாட்டை நான் கண்டதில்லை. பின்னே சென்ற சூடான காற்று பலகையில் மோதி முன்னே திரும்பி, நாம் காசு கொடுத்து வாங்கிய விசிறிகளாலேயே உள்ளே இழுக்கப்படுகிறது. பெட்டியை வெளியே எடுத்து, பின்புறத்திற்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன் முகம் சாளரத்தையும் முதுகு வாயிலையும் நோக்குமாறு வைக்கவேண்டும். நண்பகலுக்குப் பின் கோவளத்திலிருந்து வரும் கடற்காற்று கிழக்குச் சாளரமுள்ள அறைக்கு இலவசமாகவே வருகிறது.

இது சிறியோர்க்குரிய சிக்கனம் என்று எவரும் இகழவேண்டா. படூருக்கு அண்டையிலுள்ள சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்காவில், நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் முதலிட்டு எழுப்பிய தரவு மையங்கள் இருக்கின்றன. இத்தகைய மையங்களிற் கணிப்பொறி அடுக்குகளை வரிசை வரிசையாக முகத்தோடு முகமும் முதுகோடு முதுகும் பார்க்க நிறுத்தி, முகங்களுக்கிடையே குளிர்காற்றுத் தெருவும், முதுகுகளுக்கிடையே வெப்பக்காற்றுத் தெருவுமாகப் பிரித்து, ஒன்றோடொன்று கலவாதபடி தடுப்பு வைப்பது 1990-களிலிருந்து பரவிய முறை. குளிரூட்டும் பொறிகளுக்குப் பணம் குறைவற்றவர்களும் முதலிற் செய்வது காற்றின் வழியைப் பிரித்தலே. 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணிப்பொறி வந்த நாளில், அத்தகைய பொறிக்கென்று தனிக் கூடமும், காற்றைப் பேணுதற்குத் தனி ஆட்களும் இருந்தனர். இன்று அதனினும் பன்மடங்கு விரைவுடைய பொறி ஒவ்வொரு மாணவன் கட்டிலருகிலும் இருக்கின்றது. காற்றைப் பேணும் ஆள் மட்டும் இல்லை.

நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்திற்கும் இவ்வெல்லாம் பொருந்தும். அங்கே மேசைப் பலகைகளுக்குள் அடைபட்டிருக்கும் பெட்டிகளை வெளியே எடுத்துவைக்க ஒரு பிற்பகல் போதும். தச்சரும் வேண்டியதில்லை, திருப்புளி ஒன்றே வேண்டும். வடிகட்டி வலைகளைக் கழுவும் வேலையை, விடுதியில் உணவுக்கூட முறை வகுத்திருப்பதுபோல, வகுப்புவாரியாக மாணவர்களே மாதம் ஒருமுறை ஏற்றுக்கொள்ளலாம். தமிழ்த் துறையாரை முதல் மாதத்திற்கு எழுதிக்கொள்க. கூடத்திற்கு உதவ முன்வரும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு: ஒளிவிடும் நீர்க்குளிர்ப்பான்கள் ஐந்தாறு வாங்கித் தருவதினும், அத்தொகைக்கு முன்முகம் கம்பிவலையான பெட்டிகளும், 140 மில்லிமீட்டர் விசிறிகளும், மாற்று வடிகட்டிகளும் வாங்கித் தாருங்கள், கிழக்குச் சுவரில் நெடுநாளாகப் பலகையடித்து மூடியிருக்கும் இரண்டு சாளரங்களுக்குத் தூசுவலையும் புதுக் கதவும் போட்டுத் தாருங்கள். ஏப்ரல் மாதத்திற்கு முன் அவ்வேலை முடிந்தால், வரும் கோடையில் எழுத்துணரி இரவு முழுதும் ஓடும்.